மூளைக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நீர்க் கசிவு: காத்திருப்பதா, குழாய் வைப்பதா, மறுபடியும் ஆபரேஷனா?

கட்டியை எடுத்தாகிவிட்டது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வீட்டார் நிம்மதியாக மூச்சு விடும் நேரத்தில்தான் இது பெரும்பாலும் தலைகாட்டும். குனிந்தால் மூக்கின் ஒரு பக்கத்திலிருந்து தண்ணீர் போலச் சொட்டும். அல்லது காதுக்குப் பின்னால் போட்ட தையல் ஈரமாகித் தலையணை நனையும். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "மூளை நீர் கசிகிறது. கொஞ்ச நாள் பார்க்கலாம், இல்லாவிட்டால் முதுகில் குழாய் வைக்கலாம், அதுவும் சரிவரவில்லை என்றால் மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும்" என்பார். கேட்கிறவர்களுக்கு இது சின்னதிலிருந்து பெரியதாக ஏறும் படிக்கட்டு மாதிரி தெரியும். முதல் படியிலேயே நின்றுவிட்டால் நல்லது என்று தோன்றுவதும் இயல்புதான்.

இந்தப் படிக்கட்டுக் கணக்கு பல பேரைத் தவறாக வழிநடத்துகிறது என்பது என் கருத்து. எந்த வழி சிறியது, எது பெரியது என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. ஓட்டை எங்கே இருக்கிறது, தலைக்குள் அழுத்தம் எப்படி இருக்கிறது, கட்டிக்கு அடுத்த சிகிச்சை எப்போது தொடங்க வேண்டும் ஆகிய மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. சிலருக்கு இரண்டு வாரம் பொறுத்திருப்பது மிகச் சரியான சிகிச்சை. வேறு சிலருக்கு மறுநாளே ஆபரேஷனுக்குப் போவதுதான் ஆபத்து குறைந்த வழி.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருக்கும் இந்த நீர், பெரியவர்களுக்கு எந்த நேரத்திலும் சுமார் 150 மி.லி. அளவில் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் 500 மி.லி. புதிதாகச் சுரக்கிறது, கிட்டத்தட்ட அதே அளவு ரத்தத்தில் போய்ச் சேருகிறது. அதாவது மொத்த நீரும் ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் புதுப்பிக்கப்படுகிறது. அதனால் நீர் முழுவதும் வடிந்து தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது இரண்டு விஷயங்களுக்கு. நீர் வெளியே வரும் அதே வழியில் கிருமி உள்ளே போகலாம், அது மூளைக்காய்ச்சல். காற்றும் உள்ளே போகலாம். அது தலைக்குள் அடைபட்டு மூளையை அழுத்தினால் உடனடி ஆபத்து. கசிவு எத்தனை நாள் நீடிக்கிறதோ அந்த அளவுக்கு மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பும் ஏறும். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பது இதனால்தான்.

முதலில், அது மூளை நீர்தானா?

மூக்கு வழியாகக் கட்டி எடுத்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கில் சளியும் கழுவிய உப்பு நீரும் வருவது சாதாரணம். மூளை நீரின் அடையாளங்கள் கொஞ்சம் வேறு. தெளிவாக, பிசுபிசுப்பு இல்லாமல், பெரும்பாலும் ஒரே மூக்குத் துவாரத்திலிருந்து, முன்னால் குனியும்போது திடீரென்று சொட்டும். படுத்திருக்கும்போது தொண்டைக்குப் பின்னால் இறங்குவதால் உப்புச் சுவை தெரியும். எழுந்து உட்கார்ந்தால் தலைவலி கூடும், படுத்தால் குறையும்.

சந்தேகம் இருந்தால் அந்த நீரைச் சின்ன பாட்டிலில் பிடித்து பெட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இந்தப் புரதம் மூளை நீரில் இருக்கும், சளியிலும் கண்ணீரிலும் இருக்காது. பெட்டா-ட்ரேஸ் புரதத்தைப் பார்க்கும் பரிசோதனையும் இதே வேலைக்குப் பயன்படுகிறது. சர்க்கரை பார்க்கும் குச்சியில் தொட்டுப் பார்ப்பது, துணியில் வட்டம் விழுகிறதா என்று பார்ப்பது போன்ற பழைய வழிகளை நம்பி முடிவெடுக்கக் கூடாது. இரண்டும் தவறான பதிலைத் தரக்கூடியவை.

மூளை நீர்தான் என்று உறுதியான பிறகு, எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேன் எலும்பில் உள்ள ஓட்டையைக் காட்டும். எம்.ஆர்.ஐ. நீரின் வழியைக் காட்ட உதவும். இதே ஸ்கேனில் இன்னொரு விஷயத்தையும் கட்டாயம் பார்க்கச் சொல்ல வேண்டும்: மூளைக்குள் இந்த நீர் இருக்கும் அறைகள், நீர் தேங்கி விரிந்திருக்கின்றனவா? எந்த வழி வேலை செய்யும், எது செய்யாது என்பது பாதிக்கு மேல் இதற்கான பதிலில்தான் இருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறியபடி இருந்தால் எவ்வளவு அழகாக அடைத்தாலும் நீர் இன்னொரு இடத்தில் வழி தேடிக்கொள்ளும்.

காத்திருப்பது

இதை "ஒன்றும் செய்யாமல் இருப்பது" என்று நினைப்பவர்கள் உண்டு. ஒழுங்காகச் செய்தால் இது கடினமான வேலை. தலைப்பக்கத்தைச் சுமார் 30 டிகிரி உயர்த்திப் படுக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல், வாயைத் திறந்து தும்ம வேண்டும். பளு தூக்கக் கூடாது, குனியக் கூடாது. மலம் கழிக்க முக்குவது தலைக்குள் அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும் என்பதால் மலம் இளக்கும் மருந்து கொடுப்பார்கள். இருமல் இருந்தால் அதற்கும் மருந்து. நீர் சுரப்பதைக் குறைக்க அசிட்டசோலமைட் மாத்திரையும் சில டாக்டர்கள் சேர்ப்பார்கள்.

ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல வேண்டும். நீர் குறைந்ததால் வரும் தலைவலிக்கு, தலையணை இல்லாமல் மல்லாந்து படுப்பதுதான் சுகம். ஆனால் மூக்கு வழிக் கசிவில் தலையை உயர்த்தச் சொல்வார்கள், ஏனென்றால் அப்போதுதான் ஓட்டையின் மேல் நீரின் அழுத்தம் குறையும். நோயாளி தலையணையைத் தள்ளிவிட்டுப் படுப்பார், நர்ஸ் வந்து கட்டிலை உயர்த்துவார். இருவர் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. வலிக்குத் தனியாக மருந்து கேட்டு வாங்கிக்கொண்டு, எந்தக் கோணத்தில் படுப்பது என்பதை டாக்டரிடமே தெளிவாகக் கேட்டுவிடுவது நல்லது.

தூக்கத்தில் மூச்சு அடைப்பதற்காக இரவில் சீபேப் முகமூடி போடுபவர்கள், மூக்கு வழி ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சொல்லும்வரை அதைப் போடக் கூடாது. அது தள்ளும் காற்று ஓட்டை வழியாக மண்டைக்குள் போகலாம். வீட்டில் இருந்து கருவியைக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்கு இது தெரியாமல் போகிறது.

காத்திருப்பது யாருக்குப் பொருந்தும்? ஆபரேஷன் முடிந்த சில நாட்களுக்குள் லேசாக ஆரம்பித்து, நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும் கசிவுக்கு. காய்ச்சல் இல்லை, ஸ்கேனில் காற்று கூடவில்லை, மூளை அறைகள் விரியவில்லை என்ற நிலையில் சில நாள் பார்ப்பது நியாயம். தோலுக்குள் நீர் கோத்துக்கொண்டு வெளியே வராமல் இருக்கும் வீக்கத்துக்கு இன்னும் அதிக நாள் பொறுக்கலாம்.

ஆனால் ஒரு தேதி வேண்டும். "பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னால், "எந்த நாள் வரை? அதற்குள் என்ன மாறியிருக்க வேண்டும்?" என்று கேட்பதில் தவறே இல்லை. தேதி வைத்துக் காத்திருப்பது ஒரு திட்டம். தேதி இல்லாமல் காத்திருக்கும்போது ஒவ்வொரு நாளும் "இன்னைக்குக் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று வாரங்கள் ஓடிவிடும், அந்த வாரங்களில்தான் மூளைக்காய்ச்சல் வருகிறது.

மூளைக்காய்ச்சல் வராமல் இருக்க ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டே காத்திருக்கலாமே என்று வீட்டார் கேட்பார்கள். மண்டை அடிப்பகுதி எலும்பு முறிந்து நீர் கசிபவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பதால் பலன் உண்டு என்று நிரூபணமாகவில்லை. நீண்ட நாள் போட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும் கவலையும் உண்டு. நிமோனியாக் கிருமிக்கு எதிரான தடுப்பூசி வேறு விஷயம். நீர்க் கசிவு நீடிப்பவர்களுக்கு அது பரிந்துரைக்கப்படுகிறது. அதைப் பற்றிக் கேளுங்கள்.

முதுகில் குழாய்

லம்பார் ட்ரெயின் என்பது இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெல்லிய குழாயைச் செலுத்தி, நீரை ஒரு பைக்குள் வடிய விடுவது. மணிக்குச் சுமார் 10 மி.லி. என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 240 மி.லி., அதாவது சுரக்கும் நீரில் கிட்டத்தட்டப் பாதி. ஓட்டையின் மேல் இருக்கும் அழுத்தம் குறைவதால், அங்கே திசு ஒட்டிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள் வரை வைத்திருப்பார்கள்.

இதற்கு நல்ல ஆதாரம் ஒன்று உண்டு, ஆனால் அதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மூக்கு வழியாக மூளை உறையைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட, கசிவு அபாயம் அதிகமுள்ள 170 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். குழாய் வைத்தவர்களில் 8.2 சதவீதம் பேருக்குக் கசிவு வந்தது, வைக்காதவர்களில் 21.2 சதவீதம் பேருக்கு. வித்தியாசம் பெரிது. ஆனால் இது கசிவு வராமல் தடுக்க, ஆபரேஷனோடு சேர்த்தே வைத்த குழாய். ஏற்கெனவே ஒழுகும் ஓட்டைக்குக் குழாய் மட்டும் வைத்தால் இதே பலன் கிடைக்கும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதை அடிக்கடி கேட்கிறேன்.

குழாயின் ஆபத்துகள் பெரும்பாலும் "அதிகமாக வடிந்துவிடுவது" என்ற ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பையின் உயரம்தான் வேகத்தை நிர்ணயிக்கிறது. பை தவறித் தரையில் விழுந்தாலோ, நோயாளி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாலோ, சில நிமிடங்களில் ஒரு மணி நேரத்துக்கு உரிய நீரைவிட அதிகமாக இறங்கிவிடலாம். தலைவலி, வாந்தி, மூளைக்கும் உறைக்கும் நடுவே ரத்தம் தேங்குவது என்று அது போகும். இன்னொரு பக்கம், மூக்கில் ஓட்டை திறந்திருக்கும்போது கீழே நீரை இழுத்தால் மேலே காற்று உள்ளே போகும். பக்கத்தில் இருப்பவர் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: எழுப்புவதற்கு முன், கட்டிலின் உயரத்தை மாற்றுவதற்கு முன், நர்ஸைக் கூப்பிட்டுக் குழாயை மூடச் சொல்லுங்கள். நோயாளி வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, "அசதியா இருக்கும்" என்று விட்டுவிடாமல் உடனே சொல்லுங்கள்.

மூளை அறைகளுக்கு இடையே வழி அடைபட்டு நீர் தேங்கியிருந்தாலோ, பின்மூளையில் இன்னும் கட்டி அழுத்திக்கொண்டிருந்தாலோ, முதுகுக் குழாய் ஆபத்தானது. கீழே அழுத்தத்தைக் குறைத்தால் மூளை கீழ்நோக்கி நெருக்கப்படலாம். அந்த நிலையில் தலைக்குள் இருக்கும் அறையிலிருந்தே நேரடியாக நீரை வெளியேற்றும் குழாயை வைப்பார்கள். குழாய் வைப்பதற்கு முன் ஸ்கேன் பார்த்தார்களா என்று கேட்பது அதனால்தான் வெட்டிக் கேள்வி இல்லை.

கிருமித் தொற்று குழாய் வழியாகவும் வரலாம். நாட்கள் கூடக் கூட அந்த வாய்ப்பு ஏறும். ஐந்து நாளில் நிற்காத கசிவுக்கு இன்னும் ஐந்து நாள் குழாய் என்று நீட்டிப்பதில் எனக்கு உடன்பாடு குறைவு. அந்த இடத்தில் பேச்சு அடைப்பதை நோக்கித் திரும்ப வேண்டும்.

மறுபடியும் உள்ளே போய் அடைப்பது

"இன்னொரு ஆபரேஷனா?" என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம் முதல் ஆபரேஷனின் நினைவில் இருந்து வருகிறது. கட்டி எடுப்பதும் ஓட்டை அடைப்பதும் ஒரே அளவு வேலை இல்லை. மூக்கு வழிக் கசிவில் மூளையைத் தொட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

1926-இல் அமெரிக்க மூளை அறுவை டாக்டர் வால்டர் டாண்டி மண்டையைத் திறந்து இப்படியொரு ஓட்டையை அடைத்ததுதான் இந்தச் சிகிச்சையின் ஆரம்பம். பிறகு பல ஆண்டுகளுக்கு அதுவே வழி. அதில் வாசனை உணர்வு போவது, மூளையை ஒதுக்கிப் பிடிப்பதால் வரும் பாதிப்பு எல்லாம் உண்டு. 1980-களில் எண்டோஸ்கோப் (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய கேமராக் குழாய்) வந்து நிலைமையை மாற்றியது. இப்போது மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்தி அடைப்பதில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கசிவு நின்றுவிடுகிறது. எனக்கு மூக்கு வழிக் கசிவில் நீண்ட நாள் காத்திருப்பதைவிட விரைவான அடைப்பு நல்லது என்று தோன்றுவதற்குக் காரணம் இந்த எண்தான்.

அடைப்பது பல அடுக்காக நடக்கும். தொடையிலிருந்து எடுத்த நார்த்தசை உறை, வயிற்றிலிருந்து எடுத்த கொழுப்பு, அல்லது தயாராகக் கிடைக்கும் கொலாஜன் தாள் ஆகியவற்றை உள்ளே வைத்து, மேலே மூக்கின் நடுத்தண்டிலிருந்து உரித்த சவ்வை அதன் ரத்தக் குழாயோடு சேர்த்தே திருப்பிப் போர்த்துவார்கள். ரத்த ஓட்டம் உள்ள சவ்வு என்பதால் வேகமாக ஒட்டிக்கொள்ளும். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரைச் சேர்ந்த ஹடாட், பாசகாஸ்டெகி ஆகியோரின் இந்த உத்தி 2006-இல் வெளியானபோது, பெரிய ஓட்டைகளோடு மூக்கு வழியாக ஆபரேஷன் செய்வதற்கே ஒரு துணிச்சல் வந்தது. அதற்கு முன்பு அத்தகைய ஆபரேஷன்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கசிவு வந்ததாகப் பல குழுக்கள் பதிவு செய்திருந்தன.

முதல் ஆபரேஷனிலேயே இந்தச் சவ்வைப் பயன்படுத்திவிட்டார்களா என்று கேளுங்கள். பயன்படுத்தியிருந்தால், பல சமயம் அது நகர்ந்திருக்கும், திரும்ப எடுத்துச் சரியாக வைத்தாலே போதும். அது செத்துப்போயிருந்தாலோ, முன்பு கதிர்வீச்சு வாங்கிய இடமாக இருந்தாலோ, வேறு இடத்திலிருந்து சவ்வு எடுக்க வேண்டும். அந்த மாதிரி வேலையில் பழக்கம் உள்ள குழுவிடம் போவது மிக முக்கியம். ஓட்டை எங்கே என்று பிடிபடாவிட்டால், முதுகு வழியாகக் கொஞ்சம் ஃப்ளோரசீன் சாயத்தை ஏற்றி, பச்சையாக ஒளிரும் இடத்தைப் பார்த்து அடைப்பதும் உண்டு. சிறிய அளவில்தான் கொடுப்பார்கள். அளவு மீறினால் வலிப்பு வரலாம்.

விலை என்ன? மயக்க மருந்து, மூக்கில் பல வாரம் பொருக்கு, கொஞ்ச நாள் வாசனை குறைவது, தொடையிலோ வயிற்றிலோ ஒரு தழும்பு. மறுபடியும் ஒழுகும் வாய்ப்பும் சின்ன அளவில் உண்டு.

ஷண்ட்

இது ஓட்டையை அடைக்காது. மூளை அறையிலிருந்து தோலுக்கு அடியில் குழாய் ஓட்டி, நீரை வயிற்றுக்குள் வடிய விடும் நிரந்தர ஏற்பாடு. உள்ளே நீர் தேங்கி அழுத்தம் ஏறுவதால்தான் கசிவு திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்தால் இதுவே சரியான பதில். அழுத்தம் சாதாரணமாக இருக்கும் ஒருவருக்கு, கசிவு நிற்கவில்லை என்பதற்காக மட்டும் ஷண்ட் வைப்பதற்கு முன் இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேட்பது நல்லது. ஓட்டை திறந்திருக்கும்போது ஷண்ட் இழுத்தால் காற்று உள்ளே போகும் அபாயம் உண்டு. மூளைக்காய்ச்சல் இருந்தால் அது முழுதும் தீர்ந்த பிறகே வைப்பார்கள். அப்புறம், ஷண்ட் அடைபடும், தொற்று வரும், மாற்ற வேண்டிவரும். ஷண்டில் நீர் வடிவதைக் கட்டுப்படுத்தும் வால்வுகளில் சில வகைகளில், வைத்த அழுத்த அளவு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது மாறிவிடலாம். கட்டி நோயாளிக்கு அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்கப்படும் என்பதால் இதை முன்பே கேட்டு வைக்க வேண்டும். அடைப்பு மூளை அறைகளுக்கு நடுவே என்றால், எண்டோஸ்கோப்பால் மூன்றாவது அறையின் அடியில் சிறு வழி திறந்துவிட்டு ஷண்ட் இல்லாமலேயே சமாளிக்கும் வாய்ப்பும் சிலருக்கு உண்டு.

ஓட்டை எங்கே என்பதைப் பொறுத்து

பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் உள்ள ஹார்மோன் சுரப்பி) கட்டிக்கான சாதாரண மூக்கு வழி ஆபரேஷனில் ஓட்டை சிறியதாக இருக்கும், கசிவும் குறைவான பேருக்கே வரும். அப்படியே வந்தால் சில நாள் பார்ப்பது, தேவைப்பட்டால் குழாய், நிற்காவிட்டால் அடைப்பு என்று போகலாம். பிட்யூட்டரிக்கு அருகில் வளரும் கிரேனியோஃபேரிஞ்சியோமா, மண்டை அடித்தளத்தில் இருக்கும் மெனிஞ்சியோமா (மூளை உறையில் வரும் கட்டி) போன்றவற்றில் மூளை உறை பெரிதாகத் திறக்கப்பட்டிருக்கும், மூளை நீர்த் தேக்கமே நேரடியாக மூக்கை நோக்கித் திறந்திருக்கும். அங்கே தெளிவான கசிவு என்றால் அடைப்பு நகர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். படுக்கையில் கிடந்து அது தன் இடத்துக்குத் திரும்பாது. என்னைக் கேட்டால், இங்கே உடனே அடைப்பதற்கே என் ஓட்டு.

காது நரம்புக் கட்டியில் விஷயம் வேறு. காதுக்குப் பின்னால் எலும்பில் தேன்கூடு போலக் காற்று அறைகள் இருக்கும். அவை திறந்துவிட்டால் நீர் நடுக்காதுக்குப் போய், அங்கிருந்து தொண்டையை இணைக்கும் குழல் வழியாக மூக்குக்கு வந்து சொட்டும். ஆபரேஷன் காதில், நீர் மூக்கில் என்பதால் இதைச் சளி என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் அதிகம். பத்தில் ஒருவருக்கு அருகில் இந்தக் கட்டி ஆபரேஷனில் ஏதோ ஒரு வகைக் கசிவு வருவதாகப் பழைய தொகுப்புகள் சொல்கின்றன. தோல் தையல் வழியாக ஒழுகுகிறது என்றால் கூடுதல் தையலும் சில நாள் குழாயும் பல பேருக்குப் போதும். மூக்கு வழியாக வருகிறது என்றால் குழாயால் நிற்கும் வாய்ப்பு குறைவு. காற்று அறைகளைக் கொழுப்பால் நிரப்பி அடைக்க வேண்டிவரலாம். அந்தப் பக்கம் கேட்கும் திறன் ஏற்கெனவே முழுதும் போயிருந்தால், காதுக் குழலையும் நடுக்காதையும் சேர்த்து நிரந்தரமாக மூடிவிடும் வழியும் இருக்கிறது. கேட்கும் திறன் மிச்சம் இருந்தால் அந்த முடிவுக்கு முன் நிறையப் பேச வேண்டும்.

பின்மூளைக் கட்டி, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. கழுத்துக்குப் பின்னால் மெத்தென்று வீக்கம் வரும், அழுகையில் பெரிதாகும், தூக்கத்தில் குறையும். தோல் மூடியிருந்து, வீக்கம் இறுகாமல், நீர் வெளியே வராமல் இருந்தால் இதைத்தான் எல்லாக் கசிவுகளிலும் அதிக நாள் பொறுக்கலாம். பல குழந்தைகளுக்குத் தானாகவே வடிந்துவிடும். ஊசி போட்டு நீரை இழுத்தெடுக்க அவசரப்படக் கூடாது, அதுவே தொற்றைக் கொண்டுவரலாம். ஆனால் வீக்கம் இறுகிக்கொண்டே போனால், குழந்தை வாந்தி எடுத்தால், தூங்கி வழிந்தால், தலைக்குள் நீர் தேங்குகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.

ஆபரேஷனே செய்யாமல் வரும் கசிவு ஒன்றும் உண்டு. புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் பெரிய பிட்யூட்டரி கட்டி சில சமயம் அடியில் உள்ள எலும்பை அரித்துவிட்டு, அந்த ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காபர்கோலின் மாத்திரை கொடுத்ததும் கட்டி நன்றாகச் சுருங்கும், ஓட்டை திறந்து மூக்கில் நீர் சொட்ட ஆரம்பிக்கும். மருந்து நன்றாக வேலை செய்ததன் விளைவு இது. மாத்திரையை நிறுத்தினால் கட்டி மறுபடி வளர்ந்து அடைக்கலாம்தான், ஆனால் அந்தக் கட்டியை நம்பி எவ்வளவு நாள் இருப்பது? பொதுவாக ஓட்டையை அடைத்துவிட்டு மருந்தைத் தொடர்வதே நல்ல வழி. தானாக மாத்திரையை நிறுத்துவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது.

கட்டி நோயாளிக்கு உள்ள தனிக் கணக்குகள்

விபத்தில் மண்டை உடைந்து நீர் கசியும் ஆரோக்கியமான இளைஞருக்கும், கட்டி நோயாளிக்கும் இதே கசிவு ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. விபத்துக் கசிவு பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாக நின்றுவிடும். அந்த நம்பிக்கையை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது.

மூளை வீக்கத்துக்காக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஓடிக்கொண்டிருக்கும். அது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். இன்னும் மோசம், காய்ச்சலையும் கழுத்து இறுக்கத்தையும் அது மறைத்துவிடலாம். ஆகவே "காய்ச்சல் இல்லையே" என்பதை மட்டும் வைத்து மூளைக்காய்ச்சல் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. புதிதாக வரும் கடும் தலைவலி, வெளிச்சம் கூசுவது, குழப்பம், சோர்வு எல்லாமே கணக்கில் வர வேண்டும்.

முன்பு கதிர்வீச்சு வாங்கிய தோலும் உறையும் மெதுவாகத்தான் ஒட்டும், சில சமயம் ஒட்டவே ஒட்டாது. அங்கே இன்னொரு தையல் போட்டுப் பார்ப்பதைவிட, ரத்த ஓட்டம் உள்ள திசுவைக் கொண்டுவந்து மூடுவது நல்லது. அதற்குப் பிளாஸ்டிக் சர்ஜன் உதவி தேவைப்படலாம். திரும்பி வந்த கிளியோபிளாஸ்டோமாவுக்கு (வேகமாக வளரும் மூளைப் புற்றுக் கட்டி) பெவாசிசுமாப் ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கு இது இன்னும் பெரிய விஷயம். அந்த மருந்து புது ரத்தக் குழாய் உருவாவதைத் தடுக்கிறது, காயம் ஆறுவதற்கு வேண்டியதே அதுதான். உடலில் பாதியாகக் குறையவே சுமார் 20 நாள் பிடிக்கும். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது 28 நாள் கழித்து, காயம் முழுதும் ஆறிய பின்பே அதை மறுபடி தொடங்க வேண்டும் என்பது விதி. கடைசி ஊசி எந்தத் தேதியில் போட்டது என்பதை ஆபரேஷன் செய்பவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். புற்றுநோய் டாக்டரின் கோப்பில் இருக்கும் தகவல் அறுவை டாக்டரின் மேசைக்குத் தானாகப் போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

படுத்தே கிடப்பதற்கும் கட்டி நோயாளி அதிக விலை கொடுக்கிறார். மூளைக் கட்டி உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் கிளியோமா (கிளியோபிளாஸ்டோமா சேர்ந்த கட்டி வகை) உள்ளவர்களுக்கு, கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகும் அபாயம் ஏற்கெனவே அதிகம். பத்து நாள் அசையாமல் கிடந்தால் அது ஏறும். கட்டியை எடுத்த இடத்தில் ரத்தம் கசியும் பயத்தால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்கவும் டாக்டர்கள் தயங்குவார்கள். கசிவை அடைத்துவிட்டு மூன்றாம் நாள் நடக்க வைப்பது, பத்து நாள் படுக்க வைப்பதைவிடப் பாதுகாப்பாக இருப்பது இப்படித்தான்.

கடைசியாக, காலண்டர். கிளியோபிளாஸ்டோமா போன்ற வேகமான கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து பொதுவாக மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சும் டெமோசோலமைடு என்ற கீமோ மருந்தும் தொடங்கும். ஒழுகும் காயத்தின் மேல் கதிர்வீச்சைத் தொடங்க முடியாது. கீமோவில் வெள்ளையணுக்கள் குறையும் நேரத்தில் ஒரு திறந்த வழி இருப்பதும் ஆபத்து. ஆக, நான்கு வாரம் பொறுத்துப் பார்ப்பது இவர்களுக்குக் கட்டிக்கு நான்கு வாரம் கொடுப்பதாக ஆகிவிடும். மெதுவாக வளரும் மெனிஞ்சியோமாவை முழுதாக எடுத்தாகிவிட்டது, அடுத்து சிகிச்சை எதுவும் இல்லை என்றால் அந்த அவசரம் கிடையாது. ஒரே மாதிரி கசிவு உள்ள இருவருக்கு வேறு வேறு பதில் சரியாக இருப்பதற்கு இது ஒன்றே போதும்.

நோய் மிகவும் முற்றிய நிலையில், மீதமுள்ள காலம் குறைவு என்று தெரிந்தால், பேச்சு மாறும். அப்போது இன்னொரு ஆபரேஷனைவிட, வீட்டுக்குப் போகக்கூடிய அளவுக்குக் காயத்தை மூடி, தலைவலியைக் குறைத்து வைப்பதே நோயாளியின் விருப்பமாக இருக்கலாம். அதை அவரிடமே கேட்க வேண்டும். பல வீடுகளில் அவரைத் தவிர எல்லோரிடமும் கேட்கிறார்கள்.

முடிவெடுத்த பிறகு

எந்த வழியில் கசிவு நின்றாலும், வீட்டுக்கு வந்த பிறகு சில வாரங்களுக்கு அதே கட்டுப்பாடுகள் உண்டு: மூக்கைச் சிந்தாமை, பளு தூக்காமை, முக்காமை. விமானப் பயணம், சீபேப், நீச்சல் மூன்றுக்கும் தனித்தனியாகத் தேதி கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஷண்ட் வைத்திருந்தால் வால்வின் வகையும் அளவும் எழுதிய அட்டை நோயாளியின் பையில் எப்போதும் இருக்கட்டும். மறுபடியும் ஒரு பக்க மூக்கில் தெளிந்த நீர் சொட்டினாலோ, தொண்டையில் உப்புச் சுவை திரும்பினாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை பொறுக்காமல் அன்றே போன் செய்யுங்கள். அதோடு காய்ச்சல், கழுத்து வலி, குழப்பம், வாந்தி இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் போன் செய்துகொண்டிருக்க வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "மூளை நீர்க் கசிவு இருந்தவர்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.